நாற்பதாயிரம் இருக்கை, எட்டாயிரம் ரசிகர்கள்: சென்னைக் கால்பந்தின் கூட்டக் கணக்கு

பெரியமேடு ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் எட்டாயிரம் பேர் வந்து உட்கார்ந்தால், மறுநாள் ‘காலி மைதானம்’ என்று பேச்சு வரும். அதே எட்டாயிரம் பேர் மும்பை அந்தேரி கால்பந்து அரங்கில் உட்கார்ந்தால் அங்கே ‘ஹவுஸ்ஃபுல்’ போர்டு மாட்டுவார்கள். ஆட்டம் ஒன்றுதான், டிக்கெட் வாங்கியவர்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஒரு நகரத்தில் கால்பந்து செத்துவிட்டது என்கிறார்கள், இன்னொன்றில் உயிரோடிருக்கிறது என்கிறார்கள். சென்னையில் கால்பந்துக்குக் கூட்டம் ஏன் வருவதில்லை என்ற கேள்வியைப் பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். எந்த அளவு மைதானத்தில், எந்த இடத்தில், எவ்வளவு உறுதியோடு ஆட்டத்தை நடத்தினோம் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் அந்த அரங்கைப் பார்ப்போம். ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் இந்த இடத்தில்தான் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த உலக சாதனை அது. டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போனபின் இந்த இடம் மெல்லப் பின்னுக்குப் போனது. 1993-ல் 260 நாட்களில் புதிய அரங்கம் எழுந்தது. நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி அந்த ஆண்டு இங்கே நடந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. சுமார் 40,000 இருக்கை, நடுவில் புல்தரை, அதைச் சுற்றி எட்டு பாதைகள் கொண்ட செயற்கை ஓடுதளம் என்று, எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக, பெருவிழாக்களை மனதில் வைத்துக் கட்டப்பட்ட அரங்கம் இது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளைப் பிரதமர் தொடங்கிவைத்ததும் இங்கேதான். அந்த வேலையை இந்த அரங்கம் நன்றாகவே செய்கிறது.

கால்பந்து பார்க்க வருபவருக்கு அந்த ஓடுதளம் என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்வட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறத்தாழ 157 மீட்டர். கால்பந்துத் தரையின் நீளம் 105 மீட்டர். மிச்சமுள்ள 52 மீட்டரை இரண்டு கோல்களுக்கும் பின்னால் பங்கிட்டால் பக்கத்துக்கு 26 மீட்டர். அதோடு எட்டு பாதைகளின் அகலம் கிட்டத்தட்ட 10 மீட்டர். ஆக, கோல் கோட்டுக்கும் வளைவுப் பகுதி கேலரியின் முதல் வரிசைக்கும் நடுவே 35 மீட்டருக்குக் குறையாத வெட்டவெளி. வளைவில் உட்கார்ந்தவருக்கு எதிர்க்கோல் அருகே நடக்கும் தள்ளுமுள்ளு நிழலாகத்தான் தெரியும். கோல் விழுந்ததா, வலையின் வெளிப்பக்கம் உரசிப் போனதா என்பதை எதிர்ப்பக்க ஸ்டாண்டின் கூச்சலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்ற சென்னையின் எஃப்.சி. ரசிகர் குழுக்கள் டிரம் அடித்து, நின்றபடியே 90 நிமிடமும் பாடுகின்றன. அந்தச் சத்தம் ஓடுதளத்தைக் கடந்து வீரரின் காதுக்குப் போவதற்குள் பாதி காற்றில் கரைந்துவிடுகிறது. நின்று பாடும் சில நூறு பேரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் காலி நாற்காலிகள் இருந்தால், முதல்முறை வந்தவருக்கு ஏதோ தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். அவர் இரண்டாம் முறை வருவது சந்தேகமே.

இந்தியன் சூப்பர் லீக் 2014 அக்டோபரில் தொடங்கியபோது நிலைமை இப்படி இல்லை. கொல்கத்தா சால்ட் லேக்கில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 65,000 பேர் வந்ததாக அறிவித்தார்கள். முதல் பருவத்தின் சராசரி 24,000-க்கு மேல் போனது; உலக லீகுகளின் வரிசையில் இந்தியா எங்கே நிற்கிறது என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டன. சென்னையிலும் கூட்டம் வந்தது. அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா தானி ஆகியோரை உரிமையாளர்களாகக் கொண்ட சென்னையின் எஃப்.சி.யில் மார்க்கோ மாட்டராட்சி பயிற்சியாளர். பிரேசிலின் எலானோ அந்தப் பருவத்தில் எட்டு கோல் அடித்தார். கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் இந்த அரங்கில்தான் நடந்தது. கொச்சியில் 0–3 என்று தோற்றுவந்த அணி, இங்கே மூன்று கோல் அடித்துச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது கேரளாவின் ஸ்டீஃபன் பியர்சன் ஒரு கோல் போட்டு எல்லாவற்றையும் முடித்துவைத்தார். தோற்ற ஆட்டம்தான். ஆனால் ஒரு நகரத்துக்குக் கால்பந்து பிடித்துப்போவது இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

அதற்கடுத்த ஆண்டு நடந்ததை இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2015-ல் பட்டியலின் அடியில் கிடந்த சென்னையின் அணி, கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசாவின் 13 கோல்களோடு ஏறி வந்து அரையிறுதியைத் தொட்டது. டிசம்பரில் பெருவெள்ளம். அடையாற்றங்கரை முழுவதும் நீரில் கிடந்தபோது சென்னையில் ஆட்டம் நடத்த முடியாது. அத்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு எதிரான சொந்த மண் அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. சென்னை அங்கே 3–0 என்று வென்றது. பிறகு கோவாவில் நடந்த இறுதியில் எஃப்.சி. கோவாவை 3–2 என்று வென்று கோப்பையையும் தூக்கியது. சென்னையின் முதல் கால்பந்துப் பட்டத்துக்கான இரண்டு பெரிய ஆட்டங்களையும் சென்னைக்காரர்கள் சொந்த மைதானத்தில் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் இதே கதைதான். 2018-ல் இரண்டாம் பட்டம் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் கிடைத்தது. 2020-ல் ஓவன் காய்லின் பயிற்சியில் முன்கள வீரர் வால்ஸ்கிஸ் கோல் மழை பொழிய, சொந்த மண்ணில் கோவாவை 4–1 என்று வென்று இறுதிக்குப் போனார்கள். கொரோனா பயத்தில் அந்த இறுதி ஆட்டம் பார்வையாளரே இல்லாமல் நடந்தது. அடுத்த இரண்டு பருவங்கள் முழுவதும் கோவாவில், பூட்டிய கதவுகளுக்குள். 2022-ல் சென்னைக்கு ஆட்டம் திரும்பியபோது பழக்கம் அறுந்திருந்தது. தொடக்கத்தில் இருபதாயிரத்தை ஒட்டி வந்துகொண்டிருந்த கூட்டம் இப்போது பெரும்பாலும் பத்தாயிரத்துக்குள் நிற்கிறது. இதை ரசிகனின் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே பாதையை வேறொரு கண்டம் முன்பே நடந்து பார்த்திருக்கிறது. வட அமெரிக்காவின் பழைய கால்பந்து லீக், பெலேயைக் கொண்டுவந்து நியூயார்க் காஸ்மாஸ் அணியில் ஆடவைத்தது. 1977 ஆகஸ்டில் ஜயண்ட்ஸ் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். அடுத்த மாதமே அந்தக் காஸ்மாஸ் அணி கொல்கத்தா ஈடன் கார்டன்ஸுக்கு வந்து மோகன் பகானோடு 2–2 என்று ஆடிவிட்டுப் போனது. பெலே ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றி வங்காளிகள் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அந்த லீகின் மற்ற அணிகள் அமெரிக்கக் கால்பந்துக்கான மாபெரும் மைதானங்களில் சில ஆயிரம் பேருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. 1984 பருவத்தோடு லீகே மூடப்பட்டது.

1996-ல் மேஜர் லீக் சாக்கர் பத்து அணிகளோடு தொடங்கியது. முதல் ஆண்டின் சராசரி 17,406. புதுமை தீர்ந்ததும் சரிவு, 2000-ல் 13,756. 2001 பருவம் முடிந்ததும் ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளை மூடினார்கள். தொண்ணூறாயிரம் பேர் கொள்ளும் ரோஸ் பௌல் மாதிரியான இடங்களில் வாடகைக்கு ஆடுவது அவர்களையும் வாட்டியது. கொலம்பஸ் நகரில் லாமர் ஹண்ட் என்ற முதலாளி 1999-ல் கால்பந்துக்கென்றே ஒரு மைதானம் கட்டினார். இருபதாயிரத்துச் சொச்சம் இருக்கை, அலங்காரம் இல்லை, இரும்பு கேலரி. அந்த லீகில் கால்பந்துக்காகவே புதிதாகக் கட்டப்பட்ட முதல் மைதானம் அதுதான். 2003-ல் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி அணி ரோஸ் பௌலை விட்டு 27,000 பேர் கொள்ளும் புதிய அரங்குக்கு வந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக நகரங்கள் 18,000 முதல் 27,000 வரையிலான அரங்குகளைக் கட்டிக்கொண்டே போயின. அணியே அரங்கை நடத்தியதால் தேதி பிரச்சினை தீர்ந்தது, கடை வருமானம் கைக்கு வந்தது. இடம் குறைவு என்பதால் முன்கூட்டியே சீசன் டிக்கெட் வாங்கும் பழக்கம் வந்தது. 2024-ல் அந்த லீகின் சராசரி 23,000-ஐத் தாண்டியது, மொத்தம் 1.1 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். மெஸ்ஸி 2023-ல் வந்தது இதற்கு உதவியது. ஆனால் அவர் வருவதற்கு முன்பே சராசரி 22,000-ஐத் தொட்டிருந்தது.

பெரிய மைதானமே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டவும் கூடாது. 2009-ல் சியாட்டில் அணி அமெரிக்கக் கால்பந்து அரங்கின் மேலடுக்குகளைத் துணி போட்டு மூடிவிட்டு, கீழே மட்டும் டிக்கெட் விற்று ஆடத் தொடங்கியது. கூட்டம் பெருகப் பெருகத் துணியை விலக்கினார்கள். சராசரி நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அட்லாண்டா 2018-ல் சராசரியாக 53,002 பேரைக் கூட்டியது; அந்த ஆண்டு இறுதி ஆட்டத்துக்கு 73,019 பேர். பெரிய அரங்கை வைத்துக்கொண்டே சிறியதாக ஆடும் வித்தை சென்னைக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது. நேரு அரங்கின் வளைவுகளையும் மேல் வரிசைகளையும் திறக்காமல், நீளவாட்டில் இருக்கும் இரண்டு பக்கங்களை மட்டும் விற்றால் பார்வை தூரம் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டராகக் குறையும். எட்டாயிரம் பேரும் ஒருவர் தோளோடு ஒருவர் தோள் இடித்து உட்காருவார்கள். இதற்குச் செங்கல், சிமெண்ட் எதுவும் வேண்டாம்.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மும்பை சிட்டி அணி முதலில் நவி மும்பையின் 55,000 பேர் கொள்ளும் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் ஆடியது. 2016-ல் அந்தேரியின் சிறிய அரங்குக்கு வந்துவிட்டது. 2018 ஜூனில் அந்தேரியில் இந்தியாவுக்கும் சீன தைபேக்கும் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். சுனில் சேத்ரி மறுநாள் வீடியோவில் கைகூப்பாத குறையாக அழைத்தார். திட்டவாவது வாருங்கள் என்றார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது, மழை கொட்டியும் மக்கள் நின்றார்கள். அந்தச் செய்தி நாடெங்கும் பரவியதற்குக் காரணம் அரங்கு நிறைந்த காட்சி. அதே கூட்டத்தை டி.ஒய். பாட்டீலில் உட்காரவைத்திருந்தால் கேமராவில் நாற்காலிகள்தான் தெரிந்திருக்கும்.

கொச்சி வேறு ரகம். கேரளா பிளாஸ்டர்ஸின் ஆட்டங்களுக்கு 2015-ல் சராசரி ஐம்பதாயிரத்துக்கு மேல். 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் பாதுகாப்புக் கணக்கெடுத்தபோது அந்த அரங்கின் கொள்ளளவை 41,000 அளவுக்குக் குறைத்தார்கள். கொல்கத்தாவில் 1997 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,31,781 பேர் பார்த்த சால்ட் லேக் அரங்கும், தனித்தனி இருக்கைகள் போட்டபின் அதில் பாதியளவுதான் கொள்கிறது. இது நல்லதுதான். 1980 ஆகஸ்டில் ஈடன் கார்டன்ஸில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் 16 பேர் உயிரிழந்ததை நினைத்தால், கொள்ளளவு என்பது பெருமைக்குச் சொல்லும் எண் இல்லை என்பது புரியும். வெளியேறும் வாசல்களின் அகலத்தையும் எண்ணிக்கையையும் வைத்து முடிவாக வேண்டிய எண் அது. 2017 இளையோர் உலகக் கோப்பை நடந்த ஆறு நகரங்களில் சென்னை இல்லை. அந்த ஆறு நகரங்களின் அரங்குகளும் அந்தச் சாக்கில் புதுப்பிக்கப்பட்டன.

சென்னையில் விளையாட்டு பார்க்கும் கூட்டமே இல்லை என்று சொன்னால் சேப்பாக்கம் சிரிக்கும். அங்கே ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2023-ல் புதிய ஸ்டாண்ட் திறந்தபின் கொள்ளளவு 38,000 அளவுக்கு வந்தது. கிட்டத்தட்ட நேரு அரங்கின் அளவுதான், ஐ.பி.எல். நாளில் ஒரு நாற்காலி மிஞ்சாது. 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸின் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது ரசிகர்கள் தனி ரயிலே பிடித்துப் போனார்கள். கிரிக்கெட் அணிக்கு அந்த இடப்பெயர்ச்சியைத் தாங்கும் வேர் ஏற்கெனவே இருந்தது. கால்பந்து அணிக்கு வேர் பிடிக்கும் வயதிலேயே இடம் பெயர நேர்ந்தது. சென்னைப் பெயர் தாங்கிய இன்னொரு கிளப்பான சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19 ஐ-லீக் பட்டத்தை வென்றது கோயம்புத்தூரில் ஆடி. அந்தப் பட்டத்தைச் சென்னையில் எத்தனை பேர் தங்கள் பட்டம் என்று நினைத்தார்கள்?

இடம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நான் இருக்கும் கிண்டியிலிருந்து நேரு அரங்குக்குப் போவது கடினமே இல்லை. கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர் தாண்டிப் பூங்கா நிலையம். இறங்கிச் சாலையைக் கடந்து நடந்தால் அரங்கம். மெட்ரோவிலும் போகலாம். ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும், வீடு திரும்ப வண்டி இருக்கும். வடசென்னைக்கு அது இன்னும் பக்கம். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் தெருத்தெருவாகப் பந்து உதைத்து வளர்ந்தவர்கள்தான் இந்த நகரத்தின் கால்பந்தைப் பல தலைமுறையாகச் சுமக்கிறார்கள். ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகளும் சென்னை லீகும் அவர்களை நம்பியே ஓடின. அவர்கள் நடந்தோ சைக்கிளிலோ வந்துவிடக்கூடிய தூரத்தில் அரங்கம் இருப்பது சென்னையின் பெரிய வாய்ப்பு.

ஆனால் அரசின் அடுத்த கனவு செம்மஞ்சேரியில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் உலகத் தரத்தில் ஒரு விளையாட்டு நகரம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. தடகளத்துக்கும் நீச்சலுக்கும் அது தேவைதான். கிளப் கால்பந்தை அங்கே கொண்டுபோவது பற்றி யாராவது பேசினால் அவர்கள் சிகாகோவைப் பார்க்க வேண்டும். சிகாகோ ஃபயர் அணி 2006-ல் நகருக்கு வெளியே பிரிட்ஜ்வியூ என்ற ஊரில் 20,000 பேர் கொள்ளும் அழகான கால்பந்து அரங்குக்குப் போனது. அளவு சரி, ஓடுதளம் இல்லை, எல்லாம் சரி. ரயில் இல்லை. நகரத்து இளைஞர்கள் வரவில்லை. கடைசியில் ஒப்பந்தத்தை உடைக்க ஆறு கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டு 2020-ல் நகர மையத்தின் சோல்ஜர் ஃபீல்டுக்குத் திரும்பினார்கள். இப்போது நகர மையத்துக்குப் பக்கத்திலேயே 22,000 பேருக்கான புது அரங்கைத் திட்டமிட்டிருக்கிறார்கள். அளவைச் சரியாகப் பிடித்தும் இடத்தைத் தவறவிட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. வியாசர்பாடியிலிருந்து செம்மஞ்சேரிக்கு இரவு ஆட்டம் பார்க்கப் போய்த் திரும்புவதை எண்ணிப் பார்த்தாலே சிகாகோவின் பாடம் தமிழில் விளங்கும்.

அப்படியானால் நகருக்குள்ளேயே கிண்டியில் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து எடுத்துக்கொண்டபோது, என் தெருவிலேயே இந்தப் பேச்சு ஓடியது. மெட்ரோ இருக்கிறது, மின்சார ரயில் இருக்கிறது, கத்திப்பாரா பக்கத்தில். ஒரு கால்பந்து ரசிகனாக எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்தக் கோரிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த நிலத்தில் மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். பசுமைப் பூங்காவுக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். வேளச்சேரியும் சைதாப்பேட்டையும் 2015-ல் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்த யாரும் அந்தக் குளங்களுக்கு மேல் கான்கிரீட் கேட்கக் கூடாது. 2015-ல் சென்னையின் கால்பந்து அரையிறுதியைப் புனேவுக்கு ஓட்டியதே அந்த வெள்ளம்தான். தவிர, லீகின் முதல் பாதி வழக்கமாக வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. அக்டோபர், நவம்பர் மாலைகளில் இந்த ஊரில் ஆட்டத்துக்குக் கிளம்புபவர் முதலில் பார்ப்பது தெருவில் நிற்கும் தண்ணீரைத்தான்.

புதிய இடம் தேடுவதைவிட இருக்கும் அரங்கோடு கிளப்புக்கு உள்ள உறவைச் சீர்செய்வதே முதல் வேலை. நேரு அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சொத்து. கிளப் அங்கே வாடகைதாரர். அரசு விழா, தடகளப் போட்டி, பெரிய நிகழ்ச்சி எது வந்தாலும் புல்தரை காத்திருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் எந்தத் தேதி கிடைக்கும் என்று தெரியாத கிளப், சீசன் டிக்கெட்டை எந்த நம்பிக்கையில் விற்கும்? ஐந்து அல்லது பத்தாண்டு ஒப்பந்தம், அதில் ஆட்ட நாட்கள் முன்கூட்டியே உறுதி, இரு பக்க ஸ்டாண்டுகளைக் கால்பந்துக்கேற்பத் தரைவரை இறக்கும் தற்காலிக கேலரி — இவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. சேப்பாக்கம் ஆட்டங்களுக்கு டிக்கெட்டையே மெட்ரோ பயணச்சீட்டாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு சென்னைக்குப் பழகியது. கால்பந்தின் ஒவ்வொரு சொந்த ஆட்டத்துக்கும் அது வழக்கமாக வேண்டும்.

உறுதி இல்லாமை மேலிருந்தே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது என்ற காரணத்தால் புதிய பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. சம்பளத்தை எதிர்பார்த்த வீரர்கள் முதல் டிரம் வாங்கிய ரசிகர் குழுவரை எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். செப்டம்பரில் ஆட்டம் பார்க்கும் பழக்கம் அந்த ஆண்டு ஒரு குடும்பத்தில் அறுந்தால், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தை அழைத்துவர இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும்.

கடைசியாக எண்ணிக்கையின் நேர்மை பற்றி. அமெரிக்க லீகிலும் அறிவிக்கப்படும் கூட்டம் என்பது விநியோகித்த டிக்கெட்டுகளின் கணக்குதான். வாசலைக் கடந்தவர்களின் கணக்கு அதைவிடக் குறைவாக இருக்கும். நம்மிடமும் இலவச பாஸ் எத்தனை, விற்றது எத்தனை, வாசலில் ஸ்கேன் ஆனது எத்தனை என்பதைத் தனித்தனியாக யாரும் வெளியிடுவதில்லை. அந்த மூன்று எண்களையும் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் கிளப் வெளியிட வேண்டும். எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த ஸ்டாண்ட், மழை நாளா இல்லையா என்று பிரித்துப் பார்த்தால், எங்கே டிக்கெட் விலையைக் குறைப்பது, எந்தப் பள்ளிக்கு, எந்தத் தெரு அணிக்கு ஸ்டாண்டை ஒதுக்குவது என்பதற்கு வழி பிறக்கும். வியாசர்பாடி, காசிமேடு அணிகளின் சிறுவர்களுக்கு முழுப் பருவத்துக்கும் ஒரு பகுதியை ஒதுக்கி, அவர்களை வாசலில் எண்ணி, அடுத்த பருவத்தில் அவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்துத் தங்கள் அண்ணனையும் அப்பாவையும் கூட்டிவருகிறார்கள் என்று பார்க்கட்டும். அந்தக் கணக்கைத் தொடங்க அடுத்த பருவத்தின் முதல் சொந்த ஆட்டமே போதும்.